அங்கணம் என்றால் எங்கே?

சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றுபோன அந்த நேரம்தான் இன்றைக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ராயபுரத்தில் எங்கள் வீடு இடிந்து விழுந்து, அதன் அடியில் நான் கிடந்தேன். அதுவரை தலைக்கு மேலே எங்கேயோ ஓர் இயந்திரம் கான்கிரீட்டை அறுத்துக்கொண்டிருந்தது. கடப்பாரை விழும் சத்தம், பலகை இழுபடும் சத்தம், யார் யாரோ இந்தியிலும் தமிழிலும் கத்துகிற சத்தம் எல்லாம் கேட்டபடியே இருந்தன. சத்தம் இருக்கிறவரை ஆள் இருக்கிறது என்று ஒரு தைரியம். பிறகு நீளமாக ஒரு விசில் ஊதினார்கள். அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் கடைக்குச் சரக்கு இறக்க வருகிறவர்கள் அப்படித்தான், நேரம் ஆனால் மூட்டையைப் பாதி வழியில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உயிர் போகிற நேரத்திலும் ஆட்கள்மேல் கோபம் வந்தது என்றால் நான் எப்பேர்ப்பட்ட கடைக்காரி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அமைதிக்குள் ஒரு குரல் கேட்டது. “உள்ள யார்னா கீறீங்களா? கீறீங்கன்னா ஒரு கொரல் குடுங்க!”

இடிபாடுகளில் ஆள் தேடுகிறவர்களின் முறை அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இடையிடையே எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிடுவார்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தையும் வாய் திறக்க விடமாட்டார்கள். ஒருவர் மட்டும் சந்துக்குள் தலையைக் கொடுத்துக் கூப்பிடுவார், மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வீட்டில் “கீது” என்றோ “இன்னா” என்றோ வாயில் வந்துவிட்டால் அப்பாவின் கை நீளும். தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், பிள்ளைகள் ஊர்ப் பேச்சை மறந்துவிடக் கூடாது என்று அவருக்குப் பெரிய கவலை. கடைக்கு வெளியே தெரு முழுக்கப் பேசிய பாஷை, கடைப் படியேறி உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார். அந்த “கீறீங்களா”வை விட இனிமையான ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “இருக்கேன்! நான் இருக்கேன்!” என்று கத்தினேன். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது. ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீழே மிளகாய் வற்றல் மொத்த வியாபாரக் கடை, பின்னால் கிடங்கு, மாடியில் குடியிருப்பு. அப்பாவுக்குப் பிறகு கடை அண்ணனிடம் வந்தது. ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் போய்விட்டான். அதன்பின் அந்த வீட்டில் மிஞ்சியது நானும் மதினியும்தான். அண்ணன் மனைவியைச் சென்னையில் அண்ணி என்பார்கள், எங்கள் பக்கத்தில் மதினி. பிள்ளை இல்லை. தாய்வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டபோது மதினி போகவில்லை. “இவள யாரு பாத்துக்கிடுவா?” என்று என்னைக் காட்டிக் கேட்டார். எனக்கு அப்போதே தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத நாத்தனாரும் கணவனை இழந்த மதினியும் ஒரு கூரையின் கீழே இருந்தால் நாறிப்போகும் என்று உறவில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்தான். நான் கடையைப் பார்த்தேன், அவர் வீட்டைப் பார்த்தார், சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உறவுக்காரர்களைத் திட்டினோம். உலகத்தில் அவரை மதினி என்று கூப்பிட என்னை விட்டால் ஆள் கிடையாது. அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “ஏளா” என்றால் நான்தான்.

பக்கத்து மனையில் புதுக் கட்டடம் கட்ட எங்கள் சுவரை ஒட்டி ஆழமாகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். மழை விடாமல் பெய்து அந்தப் பள்ளம் குளமாகிக் கிடந்தது. அன்று காலை கடையைத் திறந்து நான் கல்லா மேசையில் உட்கார்ந்தேன். மதினி மாடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் மூட்டைகள் தாமாகச் சரிந்தன. எலி ஓடுகிறது என்று நினைத்து எட்டிப் பார்ப்பதற்குள் கூரை வந்துவிட்டது. மேசையும் மிளகாய் மூட்டைகளும் முட்டுக்கொடுத்ததால் எனக்கு உட்கார்ந்து குனிகிற அளவு இடம் கிடைத்தது. கை மட்டும் எதற்கோ அடியில் மாட்டிக்கொண்டது.

பிழைக்க வைத்த மிளகாயே பெரிய தொல்லையாகவும் ஆனது. மூட்டை கிழிந்து நெடி கிளம்பியதில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மத்தியப் படை ஒன்று மோப்ப நாயோடு வந்திருந்தது. வடநாட்டுப் பையன்கள், கூடவே நம்முடைய தீயணைப்பு மீட்புப் பணிக்காரர்கள். அந்த நாய் எங்கள் வாசல்வரை வந்து முகர்ந்து பார்த்து, தும்மு தும்மென்று தும்மிவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். எத்தனை இழுத்தும் மறுபடி கிட்டே வரவில்லை. பழக்கிய நாயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினால் மனிதர்கள் என்ன செய்வார்கள், அவர்களும் தும்மிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். அமைதிக்காக விசில் ஊதியபிறகும் எங்கிருந்தாவது ஒரு தும்மல் கேட்கும், உடனே யாராவது அவரை அதட்டுவார்கள். ஆக மூக்கு உதவாமல் போய், குரலும் காதும் மட்டுமே மிச்சம் என்று ஆகிவிட்டது.

கூப்பிட்டவர் நம் ஊர்த் தீயணைப்புக்காரர். மூட்டைகளுக்கு இடையே ஒரு கை நுழைகிற சந்து வழியாக என்னோடு பேசினார். முகம் தெரியாது, ஒரு டார்ச் வெளிச்சமும் அந்தக் குரலும்தான். எங்கள் வழக்கப்படி நான் அவரை “அண்ணாச்சி” என்றேன். “இன்னா தங்கச்சி, நா இன்னா மளிக கட வச்சினுகீறனா, அண்ணாச்சின்ற?” என்று சிரித்தார். சென்னையில் அண்ணாச்சி என்றால் கடைக்காரர், எங்களுக்கு அது மூத்தவரைக் கூப்பிடும் மரியாதை. அதை விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. “சர்தான், உன் கைல நானும் அண்ணாச்சி ஆயிட்டேன். நீ பேசினே இரு, தூங்கிடாத” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணாச்சிதான்.

“கூட யார்னா கீறாங்களா?” என்று கேட்டார்.

“மதினி இருக்காங்க.”

“மதினி எங்க கீறாங்க?”

“அங்கணத்துல.”

“அங்கன்னா எங்க?”

“அங்கணத்துல, அண்ணாச்சி.”

“அதான்மா, அங்க அங்கன்ற, எங்கன்னு சொல்லு. ரைட்டா, லெஃப்டா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா அந்த வீட்டை வாங்கியபோது, ஊரில் இருக்கிற மாதிரியே அடுப்படி மூலையில் கொத்தனாரை வைத்துக் குட்டிச் சுவர் எழுப்பி, தண்ணீர் ஓட வழி விட்டு, பக்கத்தில் ஒரு தொட்டியும் கட்டி வைத்தார். மீன் கழுவுவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அங்கேதான். எங்களுக்கு அதற்கு அங்கணம் என்பதைத் தவிர வேறு பேர் தெரியாது. இத்தனை வருஷம் சென்னையில் இருந்தும் அந்த வார்த்தை ஒரு வெளியாள் காதில் விழுந்திருக்கவில்லை, விழவேண்டிய தேவையும் வரவில்லை. “ஏனம் கழுவுத எடம்!” என்று கத்தினேன். “இன்னாது, ஏணியா?” என்றார் அவர். எனக்கு ஒருவேளை தலையில் அடிபட்டு மூளை கலங்கிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். குரலைத் தணித்து, குழந்தையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: “சரி தங்கச்சி, அந்த எடத்துல நீ இன்னா வேல செய்வ? அத்த சொல்லு.”

“சட்டி, தட்டு, மீனு... எல்லாம் கழுவுவோம்.”

“பாத்தரம் கய்வுற எடம்! அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா! சமையல் ரூமா? மாடிலயா, பின்னாலயா?”

“மாடில, பின்னால. பள்ளத்துப் பக்கம்.”

அவர் திரும்பிச் சத்தம் போட்டது கேட்டது. அதுவரை அவர்கள் வாசல் பக்கம்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். படுக்கை அறை அந்தப் பக்கம் என்று யாரோ அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள். பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்து நின்றதால் அங்கே யாரும் இருக்க வாய்ப்பில்லை என்று விட்டு வைத்திருந்தார்களாம்.

மறுபடி நீள விசில். மறுபடி எல்லாம் அடங்கியது. அண்ணாச்சி பின்பக்கம் போய்விட்டார் போலிருக்கிறது, குரல் தள்ளியிருந்து வந்தது. “மதினி! மதினி, கீறீங்களா?” என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதினி என்பது அவருடைய பேர் என்று நினைத்துவிட்டார். திருத்தலாம் என்றால் என் சத்தம் அவ்வளவு தூரம் எட்டாது. ஒரு முறை கூப்பிட்டார், இரண்டு முறை கூப்பிட்டார், பதில் இல்லை. அப்புறம் அந்த வடநாட்டுப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். மரியாதைக்கு “ஜி” வேறு. “மத்தினி ஜீ! மத்தினி ஜீ!” பிறகு எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்திருக்க வேண்டும், மீன் விற்கிற அம்மாவின் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தங்கள் பங்குக்கு எல்லாரும் என் மதினியை மதினி என்று கூப்பிட்டார்கள். முகம் பார்த்திராத அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவருக்குக் கொழுந்தன்மாராகவும் நாத்தனார்மாராகவும் ஆகிவிட்டார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

கூப்பிடுவது நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று ஒரு கூச்சல், கைதட்டல்! அண்ணாச்சி மூச்சிரைக்க என் சந்துக்கு ஓடிவந்தார். “தங்கச்சி, கொரல் குடுத்துட்டாங்க! ‘என்னளா, எதுக்கு கத்துத’ன்றாங்க. எங்க எல்லாரையும் திட்றாங்களா இன்னா?” என்றார். மதினியின் பேச்சை அண்ணாச்சி வாயால் கேட்டபோது, மதினி உயிரோடு இருக்கிறார் என்பதை நான் முழுசாக நம்பினேன். அந்தக் கேள்வியை வேறு யாரும் உலகத்தில் கேட்டிருக்க முடியாது.

முதலில் என்னை எடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் கண்ணுக்கு ஆகாது என்று ஈரத்துணியால் கண்ணைக் கட்டிவிட்டார்கள், மிளகாய் வேறு. பலகையில் வைத்துத் தூக்கிப் போகும்போது தலையில் ஒரு கை பட்டது, கரகரவென்று சிமெண்ட் ஒட்டிய கை. “மதினியும் வந்துகினே கீறாங்க. நீ போ, நா இட்டாறேன்” என்றார் அண்ணாச்சி. சொன்னபடியே செய்தார். மதினியின் இரண்டு கால்களும் உத்தரத்துக்கு அடியில் மாட்டியிருந்தன. தொட்டிச் சுவர் தாங்கியதால்தான் மேல் உடம்பு தப்பியது. கால்களை விடுவிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அவர் பக்கத்தில் படுத்தபடியே அண்ணாச்சி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து மதினியிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். முகம் வீங்கியிருந்தாலும் வாய் பழைய வாய்தான். “அத்தன ஆம்பளக் குரலு, ஏளா. நான் இருந்த கோலத்துக்கு யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்கப்பிடாதுன்னு கெடந்தேன். மதினின்னு கேட்டதும், நம்ம ஊரு ஆளுவ வந்துட்டாவன்னு நெனச்சிட்டேன்” என்றார். நைட்டி கிழிந்து கிடந்ததால் வெட்கப்பட்டுக்கொண்டு சாகத் தயாராக இருந்திருக்கிறார். இந்த மதினியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அப்படிச் சண்டை போட்டேன். நசுங்கிய கால்களிலிருந்து திரும்பிய ரத்தம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்தடுத்த நாட்களில் மதினி என்னோடு பேசுவது குறைந்தது. ஒரு மத்தியானம் நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பிறகு எனக்கு இரண்டு ஏக்கம். ஒன்று மதினி, அது தீராது என்று தெரியும். இன்னொன்று அந்தக் குரல். என் மதினியோடு கடைசியாக அவ்வளவு நேரம் பேசியவர் அவர். உத்தரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் என்ன பேசினார்கள்? மதினி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? ராயபுரத்தில் தீயணைப்பு நிலையம் போய் விசாரித்தேன். பேரும் தெரியாது, முகமும் தெரியாது, “அண்ணாச்சின்னு கூப்பிட்டேன்” என்று சொன்னால் யாருக்குப் புரியும்? அன்றைக்குப் பல நிலையங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பலர் மாறுதலில் போய்விட்டார்கள் என்றார்கள். மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் ஆண்கள் பேசினால் என் காது தானாக அந்தப் பக்கம் போகும். குரல்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அவர் மாதிரியே இருந்தன, ஒன்றும் அவருடையது இல்லை.

இப்போது திருவொற்றியூரில் வாடகைக்குச் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன், மிளகாயேதான். போன மாதம் கடைக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பேரிடர் ஒத்திகை நடந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த இடம் என்பதால் இங்கே அவ்வப்போது நடக்கும். உடைந்த கான்கிரீட்டையும் பலகைகளையும் குவித்து, கல்லூரி மாணவன் ஒருவனை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க எனக்கு மனசில்லை, ஆனால் கடையிலும் இருக்க முடியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். விசில் ஊதினார்கள். இரைச்சலெல்லாம் அடங்கியது. “உள்ள யார்னா கீறீங்களா? கீறீங்கன்னா ஒரு கொரல் குடுங்க!”

அந்தப் பையன் பதில் சொல்வதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது. “இருக்கேன், அண்ணாச்சி!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குனிந்திருந்தவர் நிமிர்ந்து, திரும்பி, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவருக்கும் என் முகம் தெரியாது, அன்றைக்கு அவர் பார்த்தது சிமெண்டும் மிளகாய்த் தூளும் அப்பிய ஒரு உருவத்தைத்தான். நான் கையைத் தூக்கினேன். ஒல்லியான மனிதர், நான் நினைத்ததைவிடக் குள்ளம், மீசை நரைத்திருந்தது. ஒத்திகையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

“தங்கச்சி! மதினி எப்டி கீறாங்க?”

நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் நின்ற இளம் வீரர்களைப் பார்த்துத் திரும்பினார். “டேய், மதினி மதினின்னு சொல்வேன்ல, அவங்க வூட்டுப் பொண்ணுடா இது!” அந்தப் பையன்கள் எல்லாருக்கும் மதினியைத் தெரிந்திருந்தது. ஒருவன் எனக்கு வணக்கம் வைத்தான். அண்ணாச்சி சொன்னார்: “இந்த வேலைல பாதி நேரம் கைக்கு வர்றது பொணம்தான் தங்கச்சி. மன்சு பேஜாராயிடும், போதும்னு தோணிடும். அப்ப யார்னா ஒர்த்தன், ‘டேய், உள்ள ஒரு மதினி கீதுடா’ம்பான். அவ்ளோதான், மறுக்கா எறங்கிடுவோம்.”

இடிபாட்டிலிருந்து மீட்டு ஆம்புலன்ஸில் ஏற்றியதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த இடிபாடு, அடுத்த தீ. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் வந்து சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கண்ணில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது என்னால் முடியவில்லை. பையன்களுக்காக என்று சொல்லலாம், அது பாதிதான். மதினி இருக்கிறார் என்று நினைக்கிற ஒரு மனிதர் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறார், அவரிடத்திலாவது மதினி இருக்கட்டும் என்று என் நெஞ்சு கெஞ்சியது.

“நல்லா இருக்காங்க, அண்ணாச்சி” என்றேன். “காலுதான் கொஞ்சம் இழுக்கும். வாய் அப்படியேதான் இருக்கு.”

“அந்த வாய்தான் தங்கச்சி அன்னிக்கு காப்பாத்துச்சு!” என்று சிரித்தார். “அங்க படுத்துனு இருக்கசொல்ல உன்னப் பத்திதான் கேட்டுகினே இருந்தாங்க. அவ சாப்ட்டாளா, அவளுக்கு யாரு சோறு போட்டாங்கன்னு. நா இன்னா பண்ணுவேன், சாப்ட்டா சாப்ட்டான்னு புளுகினு இருந்தேன்.”

அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே படுத்திருந்த மாணவன் இன்னும் அப்படியே கிடந்தான். போகிற போக்கில் திரும்பி, “மதினிய நா கேட்டேன்னு சொல்லு” என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்த வீட்டு அடுப்படியில் எவர்சில்வர் சிங்க்தான், காலைப் பாத்திரம் அப்படியே கிடந்தது. சாப்பிடத் தோன்றவில்லை, இருந்தாலும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மதினி போன பிறகு அவரைக் கூப்பிடும் அந்த வார்த்தையை நான் வீட்டில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, கூப்பிட ஆள் இல்லாத வார்த்தையை எப்படிச் சொல்வது. அன்றைக்குத்தான் சொன்னேன்.

“மதினி, நான் சாப்பிட்டுட்டேன். அண்ணாச்சி உங்களக் கேட்டாவ.”